கிரீன் பே பேக்கர்ஸ் கோச்சுகள்: லொம்பார்டியைத் தவிர மத்தவங்க எல்லாம் நிழலா?

2024 ஜனவரி 15, காலை

பேக்கர்ஸ்னா விஸ்கான்சின்ல கிரீன் பே ஊரோட அமெரிக்கன் ஃபுட்பால் டீம். தம்பி ஒருத்தர் அதைப் பத்திக் கேட்டதை அப்படியே போடறேன்: "அண்ணே, பேக்கர்ஸ் ஹெட் கோச் வரலாறுன்னா லொம்பார்டி ஒருத்தர்தான். அவருக்கு முன்னாடி இருட்டு, பின்னாடி நிழல். நேத்து டல்லாஸ்ல மெக்கார்த்தி வாங்கின அடியே சாட்சி. மறுக்க முடியுமா?"

முடியும். ஆனா நேத்து கத்தினதுல தொண்டை கட்டிக்கிச்சு. 48-32. ஏழாவது இடத்துல உள்ள நுழைஞ்ச டீம் பிளேஆஃப்ல (சீசன் முடிஞ்சதும் பட்டத்துக்கு நடக்கற நாக்-அவுட் சுற்று) ஜெயிக்கறது இதான் முதல் தடவை. அதுவும் டல்லாஸுக்குக் கோச்சா போன நம்ம பழைய கோச் மெக்கார்த்தியோட வீட்டுக்கே போய். சாயங்காலம் வர்றேன்.

அதே நாள், ராத்திரி

"முன்னாடி இருட்டு"ங்கறதை மட்டும் இப்ப எடுத்துக்கறேன். நீங்க மேட்ச் பார்க்கற மைதானத்தோட பேர் என்ன தம்பி? லாம்போ ஃபீல்டு. லாம்போ யாருன்னு நினைச்சீங்க, செங்கல் சப்ளை பண்ண கான்ட்ராக்டரா?

கர்லி லாம்போ அந்த ஊர்ப் பையன். 1919ல இந்தியன் பேக்கிங் கம்பெனின்னு இறைச்சியை டப்பாவுல அடைக்கற இடத்துல வேலை. ஜெர்சி வாங்க முதலாளிகிட்ட 500 டாலர் வாங்கினார், டீமுக்கு பேக்கர்ஸ்னு பேர் ஒட்டிக்கிச்சு. 1921ல லீக்ல சேர்ந்தாங்க. சேர்ந்த சூட்டோட காலேஜ் பசங்களைப் பொய்ப் பேர்ல இறக்கி மாட்டிக்கிட்டாங்க, டீமையே வெளியே தள்ளிட்டாங்க. 1922ல இவர் பணம் கட்டித் திரும்ப வாங்கிட்டு வந்தார். கோச், ஆட்டக்காரர், ஆள் பிடிக்கறவர் எல்லாம் அவரே.

1929, 30, 31, 36, 39, 44. ஆறு சாம்பியன் பட்டம். லொம்பார்டிக்கு அஞ்சு. எண்ணிப் பாருங்க.

எல்லாரும் பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு முட்டி மோதின காலத்துல இந்த மனுஷன் தூக்கி எறிய வெச்சார். 1935ல டான் ஹட்சன் வந்தார். ஸ்டார்ட் பண்ண முதல் மேட்ச், சிகாகோ பேர்ஸ் எதிர்ல, முதல் பிளேயே 83 யார்டு டச் டவுன் (பந்தை எதிராளியோட கோட்டைத் தாண்டிக் கொண்டு போறது, ஆறு பாயின்ட்). ஹட்சன் பிடிச்ச 99 டச் டவுன் கணக்கை யாராவது தாண்ட 1989 வரைக்கும் ஆச்சு.

2024 ஜனவரி 16

மொத்தம் எத்தனை கோச்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கிளப் கணக்குல 15. லாம்போ, ரொன்சானி, பிளாக்போர்ன், மெக்லீன், லொம்பார்டி, பெங்ட்சன், டிவைன், ஸ்டார், கிரெக், இன்ஃபான்டே, ஹோம்கிரென், ரோட்ஸ், ஷெர்மன், மெக்கார்த்தி, இப்ப மேட் லாஃப்ளூர்.

2024 ஜனவரி 16, கொஞ்ச நேரம் கழிச்சு

இன்னொருத்தர் "17 அண்ணே"ன்னு திருத்தறார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 1953ல கடைசி ரெண்டு மேட்ச் இருக்கும்போது ரொன்சானி போயிட்டார். ஹியூ டெவோரும் மெக்லீனும் சேர்ந்து அந்த ரெண்டை ஓட்டினாங்க. 2018ல மெக்கார்த்தியை அனுப்பினப்புறம் ஜோ ஃபில்பின் நாலு மேட்ச் பார்த்துக்கிட்டார். மெக்லீன் ஏற்கெனவே பட்டியல்ல இருக்கறதால டெவோர், ஃபில்பின் ரெண்டு பேரைச் சேர்த்தா 17. கல்யாண வீட்டுல ரெண்டு நாள் சமையல்காரருக்கு உதவியா நின்னவரை சமையல்காரர்னு சேர்க்கறதா வேண்டாமாங்கற வழக்குதான் இது. நான் சேர்க்கல.

2024 ஜனவரி 17

இப்ப "பின்னாடி நிழல்". தூக்கம் வராம யோசிச்சதுல ஒண்ணு பிடிபட்டுச்சு. சண்டைக்கு ரெடியா வாங்க.

இந்த டீமுக்கு முதலாளி கிடையாது. 1923ல இருந்து ஊர்க்காரங்க பங்கு வாங்கி நடத்தற கிளப். மத்த ஊர்ல கோடீஸ்வரர் ஒருத்தர் உட்கார்ந்து கோச்சை ஆட்டி வைப்பார். இங்க அந்த நாற்காலி காலி. காலி நாற்காலியைப் பார்த்தா யாருக்கும் உட்காரத் தோணும்தானே? அதனால கோச்சுங்க கையில ரெண்டு வேலையும் போய்ச் சேர்ந்துச்சு: ஆட்டத்தைச் சொல்லிக் குடுக்கறது ஒண்ணு, ஆளை எடுக்கறது, விக்கறது, சம்பளம் பேசறது இன்னொண்ணு. கோச், ஜெனரல் மேனேஜர், ரெண்டு நாற்காலி.

லாம்போ ரெண்டுலயும் உட்கார்ந்தார், ஓடுச்சு. லொம்பார்டியும் அப்படித்தான், பறந்துச்சு. பெங்ட்சன், டிவைன், ஸ்டார், கிரெக் எல்லாரும் அதே மாதிரி உட்கார்ந்து கவுந்தாங்க. 1968ல இருந்து 1991 வரைக்கும் 24 சீசன்ல பிளேஆஃப் போனது ரெண்டே தடவை, 1972, 1982. இது நிழல் இல்ல தம்பி, நாற்காலி.

எனக்கு ஏன் இது சட்டுனு புரியுதுன்னா, மில்வாக்கியில நான் முதல்ல வேலை பார்த்த கம்பெனியில ஒரு மனுஷன் டீம் லீடாவும் இருந்தார், ஆள் எடுக்கறவராவும் இருந்தார். தப்பான ஆளை எடுத்துட்டார்னா அதை ஒத்துக்கவே மாட்டார், ஏன்னா எடுத்தது அவரேதான். அந்தத் தப்பான ஆள் நான்தானோன்னு எனக்கு இன்னிக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

2024 ஜனவரி 21

சான் ஃபிரான்சிஸ்கோ 24, நாம 21. ஃபீல்டு கோல் (கம்பத்துக்கு நடுவுல உதைச்சா மூணு பாயின்ட்) ஒண்ணு போச்சு, கடைசியில பந்தும் போச்சு. எழுத மனசில்ல.

2024 ஜனவரி 27

சரி, லொம்பார்டி. தப்பிக்க முடியாது.

1958ல மெக்லீன் கோச். தங்கமான மனுஷன், பசங்க தலையில ஏறி உட்கார்ந்தாங்க. ஒரு வெற்றி, பத்து தோல்வி, ஒரு டிரா. பால்டிமோர்ல 56-0. அடுத்த வருஷம் நியூயார்க் ஜயன்ட்ஸ்ல உதவி கோச்சா இருந்த வின்ஸ் லொம்பார்டி வர்றார். ஒரு காலத்துல நியூ ஜெர்சி பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, லத்தீன் எடுத்த வாத்தியார். வந்த வருஷமே 7 வெற்றி, 5 தோல்வி. 1960ல ஃபைனல்ல ஃபிலடெல்ஃபியாகிட்ட 17-13னு தோத்தார். அதுக்கப்புறம் பேக்கர்ஸ் கோச்சா இருந்த வரைக்கும் ஒரு பிளேஆஃப் மேட்ச் கூடத் தோக்கல. 61, 62, 65, 66, 67. கடைசி ரெண்டுல முதல் ரெண்டு சூப்பர் பவுலும் (சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற பெரிய ஃபைனல்) அடக்கம்.

ஆனா ஒண்ணு கவனிக்கணும். பார்ட் ஸ்டார், ஹார்னங், டெய்லர், நிட்ஷ்கி, கிரேமர், ஃபாரஸ்ட் கிரெக் எல்லாரும் அவர் வர்றதுக்கு முன்னாடியே டீம்ல இருந்தாங்க. ஆள் தேடறதுக்குன்னே ஜாக் வைனிசின்னு ஒரு இளைஞர் இருந்தார், அவர் கை வண்ணம். 1960ல 33 வயசுல இறந்துட்டார். முதல் பட்டத்தைக் கூடப் பார்க்கல. அரிசி வாங்கி வெச்சது பிளாக்போர்னும் மெக்லீனும் இருந்த காலத்துல, பொங்கினது லொம்பார்டி. அதே அரிசியில முந்தின வருஷம் கஞ்சிதான் வந்துச்சுங்கறதும் உண்மை.

(அப்புறம், "வெற்றி எல்லாமே இல்ல, அது ஒண்ணுதான் இருக்கு"ங்கற வசனத்தை அவர் பேர்ல வாட்ஸ்அப்ல அனுப்பறதை நிறுத்துங்க. அதை அவருக்கு முன்னாடியே ரெட் சாண்டர்ஸ்னு ஒரு காலேஜ் கோச் சொல்லிட்டார்.)

2024 ஜனவரி 28

ஐஸ் பவுல் பத்தி எழுதாம விட்டதுக்குத் திட்டு வந்திருக்கு. எழுதறேன்.

1967 டிசம்பர் 31. லாம்போ ஃபீல்டு, எதிர்ல டல்லாஸ். மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். மைதானத்துக்கு அடியில மின்சாரக் கம்பி ஓட்டி சூடாக்க ஏற்பாடு பண்ணியிருந்தாங்க, அது காலை வாரிடுச்சு. தரை கண்ணாடி. நடுவரோட இரும்பு விசில் உதட்டுல ஒட்டிக்கிச்சு, பிய்ச்சு எடுத்ததுல ரத்தம். அப்புறம் வாயால கத்தியே ஆட்டத்தை நிறுத்தினாங்க. பேண்டு வாசிக்க வந்த பசங்களோட வாத்தியமெல்லாம் உறைஞ்சு போச்சு.

நான் அந்த மைதானத்துல ஒரு டிசம்பர்ல மைனஸ் 12ல உட்கார்ந்திருக்கேன். அலுமினிய பெஞ்ச். பக்கத்துல இருந்த பாட்டி என் ஷூவைப் பார்த்துட்டு, எழுந்து போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழிச்சுக் கொண்டுவந்து காலுக்கடியில போட்டாங்க. சிமெண்ட்ல இருந்து குளிர் ஏறாதாம். அதுக்கப்புறம்தான் எனக்கு விரல் இருக்கறதே தெரிஞ்சுது. அதோட இன்னும் 13 டிகிரி கழிச்சு யோசிங்க.

கடைசி 16 செகண்ட். 17-14, டல்லாஸ் முன்னிலை. பந்து கோட்டுக்கு ஒரு யார்டுக்குள்ள, மூணாவது டவுன் (நாலு முயற்சியில மூணாவது), டைம் அவுட் எல்லாம் தீர்ந்தாச்சு. ஃபீல்டு கோல் உதைச்சா டிரா, கூடுதல் நேரம். ஓடி நின்னுட்டா கடிகாரம் தீர்ந்து தோல்வி. லொம்பார்டி ஓடச் சொன்னார். ஸ்டார் பந்தை யார்கிட்டயும் குடுக்காம, கிரேமர் முதுகுக்குப் பின்னாடி தானே விழுந்தார். 21-17.

இதை ஏன் நீட்டறேன்னா, அப்புறம் வரப்போற ஒரு ஃபீல்டு கோலுக்கு இது வேணும்.

2024 பிப்ரவரி 4

என் நாற்காலிக் கதையை ஒருத்தர் நல்லா உடைச்சிருக்கார். இன்ஃபான்டே ஒரே நாற்காலியில இருந்தவர், ஆள் எடுக்க டாம் பிராட்ஸ்னு தனி ஆள் இருந்தார், அப்பவும் 24 வெற்றி 40 தோல்விதானேன்னு. ஆமா. பதில் இல்ல. 1989 டிராஃப்ட்ல (காலேஜ் பசங்களை டீமுங்க முறை வெச்சு எடுக்கறது) ரெண்டாவது ஆளா மாண்டரிச்சை எடுத்தாங்க, அவர் சோபிக்கல; மூணாவதா டெட்ராய்ட்டுக்குப் போன பேரி சாண்டர்ஸ் பெரிய நட்சத்திரம் ஆனார். ரெண்டு நாற்காலியைப் பிரிச்சா மட்டும் போதாது, ரெண்டுலயும் விஷயம் தெரிஞ்சவன் உட்காரணும். திருத்திக்கறேன்.

ஆனா டிவைன் விஷயத்துல பின்வாங்க மாட்டேன். டான் டிவைன், மிசௌரி பல்கலைக்கழகத்துல இருந்து 1971ல வந்தார். முதல் மேட்ச்லயே சைட்லைன்ல ஆட்டக்காரங்க மேல வந்து விழுந்து கால் ஒடிஞ்சது. சகுனம் பார்க்கறவங்க அன்னிக்கே கிளம்பியிருப்பாங்க. 1972ல 10-4. 1974ல குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவர்) இல்லாம தவிச்சு, வயசான ஜான் ஹாட்லுக்காக அஞ்சு டிராஃப்ட் வாய்ப்பைத் தூக்கிக் குடுத்தார். ரெண்டு முதல் சுற்று, ரெண்டு ரெண்டாம் சுற்று, ஒரு மூணாம் சுற்று. சீசன் முடிஞ்சதும் நாட்ர டாம் பல்கலைக்கழகத்துக்குப் போயிட்டார். வேற ஒருத்தர் ஜெனரல் மேனேஜரா இருந்திருந்தா அந்தக் கையெழுத்து விழுந்திருக்குமா? வீட்டை அடமானம் வெச்சுட்டு ஊரை விட்டுப் போன கதை.

அந்த வீட்டுச் சாவி யார் கையில வந்துச்சு தெரியுமா? நாளைக்கு.

2024 பிப்ரவரி 11

நாளைக்குன்னு சொல்லி ஒரு வாரம். மன்னிக்கணும். இதை எழுதறது கஷ்டமாத்தான் இருக்கு.

பார்ட் ஸ்டார். 1956 டிராஃப்ட்ல 17வது சுற்றுல எடுத்த ஆள். அஞ்சு பட்டத்துலயும் அவர்தான் குவார்ட்டர்பேக். ஐஸ் பவுல்ல கோட்டுக்கு மேல விழுந்த அதே ஆள். 1972ல டிவைனுக்கு உதவியா ஒரு வருஷம் குவார்ட்டர்பேக்குகளுக்குச் சொல்லிக் குடுத்தார், டிவைன் உருப்படியா ஆடின ஒரே வருஷமும் அதுதான். 1975ல ஹெட் கோச்சாவும் ஜெனரல் மேனேஜராவும் கூப்பிட்டாங்க. எங்கயும் ஹெட் கோச்சா இருந்ததில்ல. கஜானா காலி. ஊரே கேக்கும்போது எப்படி மாட்டேன்னு சொல்றது?

ஒன்பது வருஷம். 52 வெற்றி, 76 தோல்வி, 3 டிரா. 1980 முடிஞ்சதும் ஜெனரல் மேனேஜர் பதவியை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் நிமிர்ந்தார், 81ல 8-8, 82ல பிளேஆஃப், 83ல வாஷிங்டனை 48-47னு ஒரு திங்கட்கிழமை ராத்திரி சாய்ச்சார். (இதை என் கட்சிக்குச் சாதகமா எழுதிக்கறேன்.) அந்த வருஷம் கடைசி மேட்ச் சிகாகோவுல, ஜெயிச்சா பிளேஆஃப். 23-21 தோல்வி. மறுநாள் வேலை போச்சு.

இங்க ஒரு பெரியவர் என் பக்கத்து வீடு, சீசன் டிக்கெட் குடும்பம். ஸ்டாரைப் பத்திக் கேட்டா ஐஸ் பவுல் சொல்வார், கண்ணு மின்னும். கோச்சா இருந்ததைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, புல்லுவெட்டற மெஷினுக்கு பெட்ரோல் ஊத்தப் போயிட்டார். 2019 மே மாசம் ஸ்டார் இறந்தப்ப அவர் வீட்டு வாசல்ல 15ஆம் நம்பர் ஜெர்சி தொங்குச்சு.

ஃபாரஸ்ட் கிரெக்கும் அதே லொம்பார்டி டீம் ஆள்தான். சின்சினாட்டியை சூப்பர் பவுல் வரைக்கும் கூட்டிட்டுப் போனவர், இங்க 25-37-1. லொம்பார்டி வாசனை இருந்தா போதும்னு ஊர் நம்பின காலம் அது.

2024 பிப்ரவரி 13

1991 நவம்பர்ல பாப் ஹார்லன், கிளப் தலைவர், ரான் வுல்ஃபைக் கொண்டுவந்து ஜெனரல் மேனேஜர் ஆக்கி முழு அதிகாரமும் குடுத்தார். வுல்ஃப் மைக் ஹோம்கிரெனைக் கோச்சா எடுத்தார், முதல் சுற்று வாய்ப்பைக் குடுத்து அட்லான்டாவுல பெஞ்ச்ல கிடந்த குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ரை வாங்கினார். 1997 ஜனவரியில சூப்பர் பவுல், நியூ இங்கிலாந்தை 35-21. ஹோம்கிரெனும் பள்ளிக்கூட வாத்தியார்தான், சரித்திரம். 1992ல அவருக்குக் கீழ உதவியா இருந்தவங்க: ஆண்டி ரீட், ஜான் க்ரூடன், ஸ்டீவ் மரியூச்சி, ரே ரோட்ஸ். ஒரே அறையில இத்தனை பேர். அந்த அறையில யார் போர்டை அழிச்சாங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்.

இப்ப பாருங்க: 1999ல ஹோம்கிரென் சியாட்டிலுக்குப் போனதே அங்க ரெண்டு நாற்காலியும் குடுத்தாங்கன்னுதான். 2002க்கு அப்புறம் ஜெனரல் மேனேஜர் பதவியைப் பிடுங்கினாங்க. 2005 சீசன்ல சியாட்டில் சூப்பர் பவுல் போச்சு. நான் சொல்லல, கணக்கு சொல்லுது.

ரோட்ஸ் 1999ல 8-8, ஒரே வருஷம், அவ்வளவுதான். அவர் மேல எனக்குக் கோபமும் இல்ல, நினைவும் இல்ல.

2024 பிப்ரவரி 18

மைக் ஷெர்மன். வுல்ஃப் ஓய்வு பெற்றதும் 2001ல மறுபடியும் ரெண்டு நாற்காலியையும் ஒருத்தர்கிட்டயே குடுத்தாங்க. பட்டும் புத்தி வரல. 2004 டிராஃப்ட்ல மூணாம் சுற்றுல ஒரு பன்ட்டரை எடுத்தார். பந்தை உதைச்சுக் குடுத்துட்டுத் திரும்பற ஆளுக்கு மூணாம் சுற்று!

அதே வருஷம் ஜனவரி, ஃபிலடெல்ஃபியா. 17-14 நாம முன்னிலை, ரெண்டரை நிமிஷம் பாக்கி, நாலாவது டவுன், ஒரு யார்டு. எதிராளி தடுக்கவே முடியாத மாதிரி ஓடிக்கிட்டிருந்த டீம். பன்ட் பண்ணார். எதிராளிக்கு நாலாவது டவுனுக்கு 26 யார்டு வேணும்னு ஆச்சு, 28 எடுத்தான். கூடுதல் நேரத்துல 20-17.

நான் அப்ப அமெரிக்கா வந்து மூணே மாசம். ரூம்மேட் தலையில கை வெச்சு உட்கார்ந்ததைப் பார்த்து, யாராவது இறந்துட்டாங்களான்னு கேட்டேன்.

2024 பிப்ரவரி 19

மெக்கார்த்தி ஆதரவாளர் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டார். 13 சீசன்ல 125 வெற்றி, 2011 பிப்ரவரியில சொந்த ஊர் பிட்ஸ்பர்க்கையே 31-25னு ஜெயிச்சு கோப்பை, அவரைப் போய் நிழல்னு சொல்லலாமான்னு. நான் சொல்லலைங்க, தம்பி சொன்னது. நான் அவர் கட்சிதான். ஆனா 2015 ஜனவரி சியாட்டில் மேட்ச்ல கோட்டுக்கு ஒரு யார்டுல ரெண்டு தடவை ஃபீல்டு கோல் உதைச்சாரே, அதை மட்டும் என்னால ஜீரணிக்க முடியல. 19-7ல இருந்து 28-22 தோல்வி.

லாஃப்ளூரும் அதே நோய். 2021 ஜனவரி, டாம்பா. எட்டு பாயின்ட் பின்னடைவு, ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, நாலாவது டவுன், எட்டு யார்டு, பந்து குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் கையில. லாஃப்ளூர் ஃபீல்டு கோல் உதைக்கச் சொன்னார். பந்து திரும்பி வரவே இல்ல. 31-26. லொம்பார்டி மைனஸ் 25ல ஓடச் சொன்ன அதே மைதானம்!

2024 பிப்ரவரி 20

நேத்து எழுதினதைப் படிச்சேன். லொம்பார்டிக்கு ஒரு யார்டு கூட இல்ல, லாஃப்ளூருக்கு எட்டு யார்டு. அதுக்கு முன்னாடி மூணு டவுனும் வீணாப் போச்சு. டச் டவுன் போட்டாலும் இன்னும் ரெண்டு பாயின்ட் எடுத்தாத்தான் சமன். ரெண்டையும் ஒரே தராசுல வெச்சது என் தப்பு.

இருந்தாலும் உதைச்சிருக்கக் கூடாது.

2024 ஜூலை 24

இழை தூங்கிடுச்சுன்னு நினைச்சேன், தம்பி எழுப்பிட்டார். பங்குதாரர் கூட்டத்துக்குப் போயிட்டு வந்தேன். என்கிட்ட ஒரு பங்கு இருக்கு, 2011ல 250 டாலர். டிவிடெண்ட் கிடையாது, விக்க முடியாது, சுவத்துல மாட்டலாம். "250 டாலருக்கு ஒரு காலண்டர்"ங்கறது வீட்டம்மா கருத்து.

மகளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். வாசல்ல லாம்போ சிலையும் லொம்பார்டி சிலையும். ஆட்டக்காரங்க வர்ற வழியில பழைய மைதானத்துச் சிமெண்ட் துண்டைப் பேர்த்துப் புது வழியில பதிச்சிருக்காங்க, லொம்பார்டி பசங்க ஓடின அதே சிமெண்ட். மகள் செருப்பைக் கழட்டிட்டு நின்னா. யாரும் சொல்லிக் குடுக்கல.

திரும்பும்போது கார்ல அவளுக்கு ஒரு சந்தேகம். மைதானம் இருக்கறது லொம்பார்டி அவென்யூ. பக்கத்துல ஹோம்கிரென் வே. மைக் மெக்கார்த்தி வே. கோப்பை வாங்கினா தெரு குடுப்பாங்களான்னு கேட்டா. ஆமான்னேன். அப்ப லாஃப்ளூருக்கு? இன்னும் இல்லைன்னேன். அடுத்த திருப்பத்துல பார்ட் ஸ்டார் டிரைவ் பலகை வந்துச்சு. "இவர் தோத்தவர்னு சொன்னீங்களே?"

பலகையில அவர் பேர் மட்டும்தான் இருக்கு. குவார்ட்டர்பேக்கா, கோச்சான்னு போடல.

தம்பி, லொம்பார்டிக்கு முன்னாடி இருந்த லாம்போ 1950ல ஏன் போனார்னு கேட்டிருக்கீங்க. அது ராக்வுட் லாட்ஜ் தீப்பிடிச்ச கதை, ஒரு வாரத்துல ராஜினாமா, ரெண்டு நாற்காலி பிரச்சினை அங்கயே ஆரம்பம். சனிக்கிழமை எழுதறேன். இந்தத் தடவை நிஜமா சனிக்கிழமை.